இசை நிகழ்ச்சி டிக்கெட்டின் மறுவிற்பனையைச் சட்டம் கட்டுப்படுத்த வேண்டுமா?

கேள்வி: தக்கலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். இசை நிகழ்ச்சிக்கு வாங்கிய டிக்கெட்டை இன்னொருவருக்கு விற்பதைச் சட்டம் கட்டுப்படுத்த வேண்டுமா, கட்டுப்படுத்துவதென்றால் எந்த அளவுக்கு என்பதைப் பற்றி, குறிப்பாக நம் குமரி மாவட்டத்திலிருந்து சென்னைக்கும் கொச்சிக்கும் திருவனந்தபுரத்துக்கும் சென்று நிகழ்ச்சி பார்க்கிறவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

சென்னையில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்கு என் தங்கையின் பிள்ளைகள் இருவருக்கும் டிக்கெட் எடுத்திருந்தோம். குடும்பத்தில் ஒரு மரணம் நேர்ந்ததால் அவர்களால் போக முடியவில்லை. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் எடுத்திருந்த ரயில் டிக்கெட்டை ரத்து செய்ததும், பிடித்தம் போக மீதிப் பணம் கணக்கில் வந்து சேர்ந்தது. நிகழ்ச்சி டிக்கெட்டை விற்ற நிறுவனமோ, விற்ற டிக்கெட்டைத் திரும்பப் பெறுவதில்லை, வேறொருவர் பெயருக்கு மாற்றித் தருவதும் இல்லை என்று ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டது. அதே வாரத்தில் அதே நிகழ்ச்சியின் டிக்கெட்டுகள் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் மூன்று மடங்கு விலைக்கு வெளிப்படையாகக் கைமாறிக்கொண்டிருந்ததைப் பிள்ளைகள் எனக்குக் காட்டினார்கள். விதிக்குக் கட்டுப்பட்டவர்களின் இருக்கைகள் காலியாகக் கிடந்தன. மொத்தமாக வாங்கிப் பதுக்கியவர்கள் இலாபம் பார்த்தார்கள்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2025 ஜனவரியில் நவி மும்பையின் டி.ஒய்.பாட்டீல் மைதானத்தில் நடந்த கோல்ட்ப்ளே குழுவின் நிகழ்ச்சிகளுக்கு 2024 செப்டம்பர் 22 அன்று விற்பனை தொடங்கியபோது, அச்சிட்ட விலை ரூ.2,500-இல் தொடங்கி ரூ.35,000 வரை இருந்தது. விற்றுத் தீர்ந்த சில மணி நேரத்திலேயே வெளிநாட்டு மறுவிற்பனைத் தளங்களில் அந்த டிக்கெட்டுகளுக்கு இலட்சக்கணக்கில் விலை சொல்லப்பட்டது. மும்பைக் காவல்துறை விசாரித்தது, அமலாக்கத் துறை பல நகரங்களில் சோதனை நடத்தியது, உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் வந்தது. இத்தனைக்குப் பிறகும் டிக்கெட் மறுவிற்பனைக்கென்று நம் நாட்டில் ஒரு தனிச்சட்டம் வந்ததாக நான் அறியவில்லை.

தொலைவில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் கூடுதல் சுமை என்று நினைக்கிறேன். நாகர்கோவிலிலிருந்து சென்னை ஏறத்தாழ 700 கிலோமீட்டர். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. பெரிய நிகழ்ச்சிகளின் டிக்கெட்டோ மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே விற்கப்படுகிறது. ரயிலில் இடம் கிடைக்குமா, அந்த வாரம் கல்லூரியில் தேர்வு வைப்பார்களா என்று தெரியாத நிலையில்தான் நாம் பணம் கட்டுகிறோம். சென்னையில் இருப்பவருக்கு அது ஒரு மாலைப் பொழுது. நமக்கு இரண்டு இரவுப் பயணமும் விடுதி வாடகையும் சேர்ந்த ஏற்பாடு. அதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் டிக்கெட் வீண்.

ஆகவே என் கேள்வி இதுதான். மறுவிற்பனையை முற்றாகத் தடை செய்தால் எங்களைப் போன்றவர்கள் மேலும் நசுங்குவோம். கட்டற்று விட்டால் பதுக்குபவர்கள் கொழிப்பார்கள். இரண்டுக்கும் நடுவே நியாயமான ஒரு விதி இருக்க முடியுமா?

மறுமொழி 1: நாகர்கோவில் வழக்கறிஞர்

டீச்சர், உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. ரயில் டிக்கெட்டையும் நிகழ்ச்சி டிக்கெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்கள் அல்லவா, சட்டமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் 143-ஆவது பிரிவு, அனுமதியின்றி ரயில் டிக்கெட்டை வாங்கி விற்கும் தொழிலை நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ ரூ.10,000 வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க வழி செய்கிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், போலிப் பயனர் கணக்குகளை உருவாக்கி இணையத்தில் டிக்கெட் எடுத்து விற்பதும் இந்தப் பிரிவுக்குள் வரும் என்று தெளிவுபடுத்தியது. இணைய முன்பதிவு என்ற ஒன்றே இல்லாத காலத்தில் எழுதப்பட்ட சட்டம், இணையத்தில் நடக்கும் முறைகேட்டுக்கும் பொருந்தும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். தட்கல் டிக்கெட்டைப் பதுக்கி விற்பது குற்றம் என்பதை நம் மக்கள் எவரும் கேள்வி கேட்பதில்லை. பொங்கலுக்குச் சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஊர் திரும்ப இடம் கிடைக்காமல் தவித்தவர்களுக்கு அதன் நியாயம் நன்றாகவே தெரியும்.

ஆனால் ரயில்வே அந்தத் தடையை விதிக்கும்போதே மூன்று கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். டிக்கெட்டை ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். ரத்தான இடம் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்கு, வரிசைப்படி, அதே கட்டணத்தில் போய்ச் சேரும். புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் விண்ணப்பித்தால் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள், கணவன் மனைவி ஆகியோர் பெயருக்கு டிக்கெட்டை மாற்றிக்கொள்ளவும் முடியும். இந்த மூன்றும் இருப்பதால்தான் கைமாற்றி விற்காதே என்று சொல்லும் தார்மிக உரிமை ரயில்வேக்கு வருகிறது. நிகழ்ச்சி நடத்துபவர்கள் தடையை மட்டும் எடுத்துக்கொண்டு கதவுகளை அடைத்துவிட்டார்கள். பணத்தைத் திருப்பித் தர மாட்டேன், பெயரும் மாற்ற மாட்டேன், நீயும் விற்கக் கூடாது என்ற மூன்றையும் ஒருவர் சேர்த்துச் சொல்வது, என் பார்வையில், நியாயமற்ற ஒப்பந்தம் என்று வாதிடத்தக்கது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற கருத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் அத்தகைய புகாரை மாவட்ட ஆணையத்தில் தாக்கல் செய்ய முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். டிக்கெட் விற்ற நிறுவனத்தின் சேவைக் குறைபாடு பற்றிய புகார் என்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவிலில் உள்ள ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பரிவர்த்தனை என்றால் கட்டணமும் கிடையாது.

தனிச்சட்டம் பற்றி: நீங்கள் குறிப்பிட்ட பொதுநல வழக்கை 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, இது சட்டமியற்றுபவர்களும் அரசும் முடிவெடுக்க வேண்டிய கொள்கை என்பது அதன் நிலை. அந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்றால், அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 33-ஆவது இனம் நாடகம், விளையாட்டு, கேளிக்கை ஆகியவற்றை மாநிலங்களிடம் ஒப்படைத்திருக்கிறது. திரையரங்குகளுக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கட்டண உச்சவரம்பை நிர்ணயிக்கும் தமிழ்நாடு அரசு, இசை நிகழ்ச்சிகளுக்கும் விதி செய்ய விரும்பினால் டெல்லிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

மறுமொழி 2: மார்த்தாண்டம் பொருளியல் ஆசிரியர்

வழக்கறிஞர் ஐயாவின் ரயில் ஒப்பீட்டை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து மறுவிற்பனை விலைக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும் என்ற முடிவுக்கு யாரும் தாவிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பதுக்குபவருக்கு இலாபம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒரு கலைஞர் தம் இரசிகர்களில் மாணவர்களும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களும் நிறையப் பேர் என்பதை அறிந்து, ஐயாயிரம் ரூபாய்க்குக்கூட விற்றுவிடக்கூடிய இடத்தை இரண்டாயிரத்துக்குத் தருகிறார். நடுவில் இருக்கும் மூவாயிரம் ரூபாய், அவர் தம் இரசிகருக்குக் கொடுக்க நினைத்த சலுகை. அந்தச் சலுகை இரசிகரைச் சென்றடைவதற்கு முன், நூறு கணக்குகளைத் திறந்து வைத்திருப்பவரின் மென்பொருள் அதைத் தட்டிப் பறித்துக்கொள்கிறது. இது அநியாயம் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் மறுவிற்பனை விலைக்கு வரம்பு வைத்த மாத்திரத்தில் அந்த மூவாயிரம் ரூபாய் இடைவெளி மறைந்துவிடாது. இப்போது ஒரு தளத்தில், பதிவோடு, வங்கிப் பரிவர்த்தனையாக நடக்கும் வியாபாரம், வாயிலுக்கு வெளியே ரொக்கமாகவும் முகம் தெரியாத டெலிகிராம் கணக்குகள் வழியாகவும் நடக்கத் தொடங்கும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2017-இல் மறுவிற்பனை இலாபத்துக்கு 50 சதவீத வரம்பு வைத்துச் சட்டம் இயற்றியது. அடுத்து வந்த அரசு, அதை நடைமுறைப்படுத்த முடியாது என்று கூறி நீக்கிவிட்டது. அமெரிக்கா 2016-இல் டிக்கெட்டுகளை அள்ளும் தானியங்கி மென்பொருளுக்கு எதிராகத் தேசிய அளவில் சட்டம் கொண்டுவந்தது. அதன் கீழ் முதல் நடவடிக்கை 2021-இல்தான் எடுக்கப்பட்டது. சட்டப் புத்தகத்தில் ஒரு பிரிவு ஏறிவிட்டால் வேலை முடிந்தது என்று நாம் நிம்மதியடைந்துவிடக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. மறுவிற்பனையைத் தடுத்தால் விலை குறையும் என்று நினைக்கிறோம். நிகழ்ச்சி நடத்துபவரே விலையை ஏற்றிவிட்டால் என்ன செய்வோம்? 2024 ஆகஸ்டில் பிரிட்டனில் ஓயாசிஸ் குழுவின் நிகழ்ச்சிகளுக்கு விற்பனை நடந்தபோது, 150 பவுண்டுக்கு உட்பட்டதாகத் தெரிந்த நின்று பார்க்கும் டிக்கெட், மணிக்கணக்கில் இணைய வரிசையில் காத்திருந்தவர்களுக்கு முறை வந்தபோது 350 பவுண்டைத் தாண்டியிருந்தது. அது மறுவிற்பனை இல்லை, முதல் விற்பனையே அப்படித்தான் நடந்தது. விலை வித்தியாசத்தை முன்கூட்டியே வெளிப்படையாக அறிவிப்பதை நான் எதிர்க்கவில்லை. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் பூம்புகார் கழகத்தின் படகில் போவதற்குச் சாதாரணக் கட்டணமும் சிறப்புக் கட்டணமும் தனித்தனியாக எழுதிப் போட்டிருக்கிறார்கள். கூடுதல் பணம் தருபவர் கழகத்துக்குத் தருகிறார், தரகருக்கு அல்ல. வரிசையில் நின்றவர் முன் விலையை மாற்றுவது வேறு வகை.

ஆகவே என் பரிந்துரை விலை வரம்பு அன்று. மொத்த இருக்கைகளில் எத்தனை பொதுவிற்பனைக்கு வருகின்றன என்பதை விற்பனைக்கு முன்பே அறிவிக்கச் சொல்லுங்கள். திரும்பப் பெறும் கடமையை விற்பவர் மேல் சுமத்துங்கள். இந்த இரண்டும் செய்தாலே பதுக்கலின் கவர்ச்சி பெருமளவு குறைந்துவிடும்.

மறுமொழி 3: குளச்சல் மேடை அமைப்பாளர்

நான் ஒலி, ஒளி, மேடை அமைக்கும் தொழிலில் இருப்பவன். நம் மாவட்டத்தில் பெரும்பாலான இசை நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட்டே கிடையாது. மண்டைக்காட்டு மாசிக் கொடை ஆனாலும், கோட்டாறு சவேரியார் திருவிழா ஆனாலும், ஊர்க்கோயில் கொடையோ குருசடித் திருநாளோ ஆனாலும், கமிட்டியும் நன்கொடையாளர்களும் செலவை ஏற்றுக்கொள்வார்கள், முன்வரிசையில் யார் உட்கார்வது என்பதை மாலையில் வந்து பாய் விரித்தவர்கள் தீர்மானிப்பார்கள். டிக்கெட் நிகழ்ச்சிகளுக்குத் திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனபோதுதான் இந்த மறுவிற்பனை உலகத்தை அருகிலிருந்து பார்த்தேன்.

இங்கே எழுதிய இருவரும் பாஸ் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வாயிலில் பிளாக்கில் விற்கப்படுபவற்றில் கணிசமானவை யாரும் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டே இல்லை. விளம்பரதாரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் ஊடகத்தாருக்கும் கலைஞரின் வட்டாரத்துக்கும் கொடுக்கப்படும் பாஸ்களில், விற்பனைக்கு அல்ல என்று தெளிவாக அச்சிட்டிருப்பார்கள். பெற்றவர் போவதில்லை என்றால் அது ஓட்டுநரிடமோ உதவியாளரிடமோ வந்து, அங்கிருந்து வாயிலுக்கு வெளியே நிற்கும் ஆளிடம் போய்விடும். விற்றவரை நான் பழிக்க மாட்டேன், அவருடைய மாதச் சம்பளம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாஸ்களின் எண்ணிக்கை எந்தக் கணக்கிலும் வராததால், மைதானத்தில் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள் என்பதே நடத்துபவருக்குத் துல்லியமாகத் தெரியாமல் போகிறது.

2023 செப்டம்பர் 10 அன்று சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர்.ரகுமான் நிகழ்ச்சியில் கூட்டம் கட்டுக்கடங்காமல் போய், கையில் டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே நுழைய முடியாமல் திரும்பியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பார்க்க முடியாமல் போனவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி அவரே பொதுவெளியில் கேட்டுக்கொண்டார். அந்த நிகழ்ச்சியின் காரணங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. டிக்கெட்டின் எண்ணிக்கையும் உள்ளே வரும் தலைகளின் எண்ணிக்கையும் பொருந்தாத இடத்தில் பெண்களும் குழந்தைகளும் நசுங்குவார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். மறுவிற்பனை விதி என்பது பணத்தோடு முடிந்துவிடும் காரியம் இல்லை, அது பாதுகாப்போடும் சேர்ந்தது.

திரும்பப் பெறும் கடமையைப் பற்றிப் பொருளியல் ஆசிரியர் எழுதியதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. டிக்கெட் பணம் வந்த கையோடு கலைஞருக்கு முன்பணம், மைதான வாடகை, மேடை, ஜெனரேட்டர், காவல் பாதுகாப்பு, தீயணைப்பு அனுமதி என்று போய்விடும். கடைசி வாரத்தில் ஆயிரம் பேர் பணம் கேட்டால் சிறிய நிறுவனம் தாங்காது. ஆனால் விற்றுத் தீர்ந்த நிகழ்ச்சியில் ஒருவர் விட்டுக்கொடுக்கும் இடத்தை அடுத்து காத்திருப்பவருக்கு விற்று, அந்தப் பணத்தை முதலில் வாங்கியவருக்கு அனுப்புவதற்கு நடத்துபவர் தம் கையிலிருந்து ஒரு ரூபாயும் போட வேண்டியதில்லை. டீச்சரின் தங்கை பிள்ளைகளுடைய இரண்டு டிக்கெட்டையும் அன்று மாலைக்குள் விற்றுக் கொடுத்திருக்கலாம். செய்ய மனமில்லை, அவ்வளவுதான்.

மறுமொழி 4: திருவனந்தபுரத்தில் பணிபுரியும் இரணியல்காரன்

பொருளியல் சார் சொன்ன ஒன்டாரியோ எடுத்துக்காட்டை மறுக்க வேண்டியிருக்கிறது. அந்த 50 சதவீத வரம்பு நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, 2018-இல் ஆட்சி மாறியதும் நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் சட்டத்திலிருந்தே எடுக்கப்பட்டது. போட்டுப் பார்க்காத வேலி மாட்டைத் தடுக்கவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

நடைமுறையில் இருக்கும் சட்டங்களைப் பார்ப்போம். அயர்லாந்து 2021-இல் இயற்றிய சட்டத்தின்படி, ஆயிரம் பேர் அல்லது அதற்கு மேல் கொள்ளும் அரங்குகளின் நிகழ்ச்சிகளுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வது குற்றம். ஒரு இலட்சம் யூரோ வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். ஜப்பானில் 2019 ஜூன் முதல் இலாபத்துக்கு மறுவிற்பனை செய்வது தண்டனைக்குரியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில், அரசு முக்கிய நிகழ்ச்சி என்று அறிவித்தவற்றுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் 10 சதவீதம்தான் வரம்பு. பிரிட்டன் அரசும் 2025 நவம்பரில், வாங்கிய விலைக்கு மேல் விற்பதைச் சட்டவிரோதமாக்கப் போவதாக அறிவித்தது. கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி விற்பதை அந்த நாடு 1994-லேயே குற்றமாக்கிவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தச் சட்டங்களில் எதுவும் போக முடியாதவர் தம் டிக்கெட்டை வாங்கிய விலைக்குக் கொடுப்பதைக் குற்றமாக்கவில்லை, கால்பந்து மட்டும் விதிவிலக்கு. ஜப்பானில் இசைத் துறை அமைப்புகளே முன்னின்று, அச்சிட்ட விலைக்கு மாற்றிக்கொள்ளும் அதிகாரபூர்வத் தளத்தை நடத்துகின்றன. டீச்சர் கேட்ட நடுவழி ஏற்கெனவே உலகில் இருக்கிறது.

வரம்பு வைத்தால் வியாபாரம் மறைவிடத்துக்குப் போகும், ஏமாற்று பெருகும் என்று சார் அஞ்சுகிறார். இப்போது வரம்பு இல்லாமலேயே ஏமாற்று நடப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கழக்கூட்டத்தில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பர், சமூக ஊடகத்தில் அறிமுகமான ஒருவரிடம் அச்சிட்ட விலையைப் போல் இரண்டு மடங்கு கொடுத்து டிக்கெட் வாங்கினார். வாயிலில் நின்ற பெண் அவருடைய கைப்பேசியில் இருந்த கியூஆர் குறியீட்டின் மேல் கருவியைக் காட்டினார். பச்சை விளக்குக்குப் பதில் சிவப்பு எரிந்தது. இன்னொரு முறை காட்டினார், மறுபடியும் சிவப்பு. ஏற்கெனவே உள்ளே போய்விட்ட டிக்கெட் என்று அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஒரே குறியீட்டின் படத்தைப் பலருக்கு அனுப்பியிருக்கிறான் விற்றவன். யார் முதலில் வாயிலுக்கு வருகிறாரோ அவருக்கு இடம், மற்றவர்களுக்கு ஏமாற்றம். சுவரோரமாக அதே நிலையில் இன்னும் சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே பாட்டுத் தொடங்கிய பிறகும் அவர்கள் விற்றவனின் எண்ணை அழைத்துக்கொண்டே இருந்தார்கள்.

அதிகாரபூர்வமாகக் கைமாற்றும் வழி இருந்திருந்தால், பழைய குறியீடு செல்லாததாகி வாங்குபவர் பெயரில் புதிய குறியீடு பிறந்திருக்கும். இந்த மோசடிக்கு இடமே இருந்திருக்காது. இந்தத் தொழில்நுட்பம் ஒன்றும் புதிதல்ல. எனவே விலை வரம்பும் அதிகாரபூர்வ மாற்றுத் தளமும் ஒன்றாக வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வரம்பு மட்டும் வந்தால் சார் சொன்னது நடக்கும். தளம் மட்டும் வந்து வரம்பு இல்லாவிட்டால், பதுக்குபவர் அந்தத் தளத்திலேயே கடை விரிப்பார். மேலும், தண்டனையை வாயிலில் ஒற்றை டிக்கெட்டோடு நிற்கும் பையன் மேல் மட்டும் சுமத்தாமல், வரம்பை மீறிய விலையைப் பட்டியலிட்டுக் கழிவு வாங்கும் தளங்கள் மேலும் சுமத்த வேண்டும். சென்னை சேப்பாக்கத்தில் ஐபிஎல் போட்டி நடக்கும்போதெல்லாம் பிளாக்கில் விற்றதாகச் சிலரைக் கைது செய்கிறார்கள். இலட்சக்கணக்கில் விலை போட்ட தளங்கள் வேறு நாட்டில் பாதுகாப்பாக இருக்கின்றன.

மறுமொழி 5: மார்த்தாண்டம் பொருளியல் ஆசிரியர்

ஒன்டாரியோ பற்றித் தம்பி சொன்ன கால வரிசை சரி. அந்த வரம்பு சோதிக்கப்படவே இல்லை என்பதால் அதை என் வாதத்துக்குச் சான்றாக வைக்க முடியாது. ஆனாலும் அமலாக்கம் பற்றிய என் கவலை நீங்கவில்லை. மாற்றுத் தளத்தைக் கட்டாயமாக்கி, ஓர் ஆண்டு அதன் விளைவைப் பார்த்த பிறகு விலை வரம்பைக் கொண்டுவருவதே முறை என்று இப்போதும் நினைக்கிறேன். மக்களுக்கு நேர்மையான வழி ஒன்று கண்முன் இருக்கும்போதுதான் மற்ற வழிகளை அடைப்பது நடக்கும் காரியம்.

மறுமொழி 6: தக்கலை ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. சாரின் ஓர் ஆண்டுக் காலக் கெடுவை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. அந்த ஓர் ஆண்டில் நூறு கணக்குகள் வைத்திருப்பவர் அந்தப் புதிய தளத்திலும் முதல் ஆளாக நுழைந்துவிடுவார் என்று தம்பி சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது. இரண்டையும் ஒரே நாளில் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.

மேடை அமைப்பாளர் அண்ணாச்சி பாஸ் பற்றி எழுதியது நான் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. பொதுவிற்பனைக்கு எத்தனை, பாஸாகப் போனது எத்தனை என்பதை அறிவிக்கும் கடமையும், பாஸை விற்றால் அந்தக் குறியீடு செல்லாததாகிவிடும் என்ற விதியும் கட்டாயம் வேண்டும். மைதானத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தக்கலையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர் சார்பில் இதைக் கேட்கிறேன். தொலைவிலிருந்து வருபவர்களுக்காக இன்னொன்றும் சேர்க்க விரும்புகிறேன்: டிக்கெட்டை விட்டுக்கொடுக்கும் வசதி நிகழ்ச்சி நாளின் காலை வரையாவது திறந்திருக்க வேண்டும். ரயில் ஓடாமல் போவதும், மழையில் தண்டவாளம் மூழ்குவதும் முந்தைய நாள் இரவில்தான் நமக்குத் தெரிய வருகிறது.

இதை ஒரு மனுவாக எழுதி அரசுக்கு அனுப்ப விரும்புகிறேன். வழக்கறிஞர் ஐயா, யாருக்கு, எப்படி அனுப்புவது என்று வழிகாட்ட முடியுமா?

மறுமொழி 7: நாகர்கோவில் வழக்கறிஞர்

சட்டமன்றத்தில் மனுக்கள் குழு இருக்கிறது. உங்கள் தொகுதி உறுப்பினர் வழியாகவோ நேரடியாகவோ அதற்கு மனு கொடுக்கலாம். முதல்வரின் முகவரித் துறைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். மனுவில் மாநிலப் பட்டியலின் 33-ஆவது இனத்தையும், ரயில்வே சட்டத்தின் 143-ஆவது பிரிவையும், ரத்து வசதி இருப்பதால்தான் அந்தத் தடை நியாயமாகிறது என்ற வாதத்தையும் முதல் பக்கத்திலேயே வையுங்கள். நிறுவனம் அனுப்பிய ஒரு வரிப் பதிலையும், அந்த வாரம் குழுக்களில் வந்த விலைப் பட்டியலின் படங்களையும் இணைப்பாகச் சேருங்கள்; மற்றவர்களின் கைப்பேசி எண்கள் தெரியாதபடி மறைத்துவிடுங்கள்.

கழக்கூட்டம் நண்பரிடம் தம்பி சொல்ல வேண்டியது வேறு. தனி ஆள் செய்த மோசடி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிற வழக்கு இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவின் கீழ் ஏமாற்றுக் குற்றம். பணம் அனுப்பிய உடனேயே 1930 என்ற எண்ணை அழைத்திருந்தால் அந்தத் தொகையை முடக்கக்கூட வாய்ப்பு இருந்தது. இப்போதும் இணையக் குற்றப் பிரிவின் தளத்தில் புகாரைப் பதியலாம். பரிவர்த்தனை எண், விற்றவரின் கணக்கு விவரம், வாயிலில் காட்டிய குறியீட்டின் படம் ஆகிய மூன்றையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். சுவரோரம் நின்ற மற்றவர்களையும் தேடிப் பிடித்துச் சேர்ந்து புகார் கொடுத்தால், ஒரே ஆள் பலரை ஏமாற்றியது ஆவணத்தில் ஏறும். விசாரணை அதிகாரி அதைத் தனி ஒருவரின் புகாரைவிடக் கூடுதல் கவனத்தோடு எடுத்துக்கொள்வார். டீச்சர், மனுவின் வரைவை எழுதியதும் இங்கே பதியுங்கள். சட்டப் பிரிவுகளைச் சரிபார்த்துத் தருகிறேன்.